முட்டையிட முடியாமல் முக்கும் கோழி: கை வைப்பதற்கு முன்

சோழவந்தானுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது:

"டாக்டர் ஐயா, வீட்டுக்குப் பின்னால் ஆறு கோழி வளர்க்கிறேன். நாலு நாட்டுக்கோழி. மற்ற இரண்டும் போன வருஷம் தெருவில் குஞ்சு விற்க வந்தவரிடம் வாங்கியவை. கலப்பு ரகம், நிறைய முட்டை வைக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். அதில் ஒரு செவலை வெடை தை மாசம் முட்டை வைக்க ஆரம்பித்தது. அநேகமாகத் தினமும் வைக்கும். சித்திரை பிறந்ததிலிருந்து இரண்டு தடவை ஓடு இல்லாத தோல்முட்டை போட்டது. நேற்றுக் காலையிலிருந்து கூடைக்குள் போகிறது, உட்காருகிறது, எழுந்து வெளியே வருகிறது, மறுபடியும் போகிறது. வாலைத் தொங்கப்போட்டு முக்குகிறது. இரை எடுக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக நீர் வடிந்து ஒட்டியிருக்கிறது. விளக்கெண்ணெயை வாயில் ஊற்றி வயிற்றை உருவிவிட்டால் வந்துவிடும் என்கிறார் அத்தை. பக்கத்து வீட்டில், சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடு என்கிறார்கள். என் மகள் கோழியைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுகிறாள். போன மாசமும் ஒருநாள் முழுக்க இப்படித் தவித்துத்தான் வைத்தது. என்ன செய்வது? ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?"

அன்புள்ள அம்மா,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் போன் போட்டு, அந்த நேரத்துக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அன்று பொழுது சாய்வதற்குள் முட்டை வந்துவிட்டது, ஓடு மெல்லிசாக, ஒரு பக்கம் நசுங்கினாற்போல் இருந்தது என்றீர்கள். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. ஆனால் போனில் பாதிதான் பேச முடிந்தது. கோடை வந்தால் இதே தவிப்போடு கோழியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் ஆகட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அத்தை சொன்ன வைத்தியம். விளக்கெண்ணெயை வாயில் ஊற்றினால் அது இரைப்பைக்கும் குடலுக்கும்தான் போகும். முட்டை இருப்பது வேறு குழாயில். எண்ணெய் முட்டையைத் தொடவே தொடாது. அதற்குப் பதில் கழிச்சல் எடுத்து, உடம்பில் இருக்கிற நீரும் போய்விடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கோழியின் வாயைத் திறந்து பாருங்கள்: நாக்குக்கு நேர் பின்னால் ஒரு சின்னப் பிளவு திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். நல்ல தெம்பாக இருக்கிற கோழியே சில சமயம் புரையேறித் தவிக்கும். சோர்ந்து கிடக்கிற கோழியின் வாயில் எண்ணெயை ஊற்றினால் அது நுரையீரலுக்கு இறங்கி, முட்டைச் சிக்கலில் சாகாத கோழி அதில் செத்துப்போகும். அதே விளக்கெண்ணெயை ஆசனவாயில் தடவினால் நல்ல வேலை செய்யும். எண்ணெய் எடுக்கச் சொன்னது சரி, வாயில் ஊற்றச் சொன்னதுதான் கூடாது என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

வயிற்றை உருவுவது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். போன கோடையில் ஒரு பெரியவர் மஞ்சள் பைக்குள் கோழியை வைத்து, தலை மட்டும் வெளியே தெரியத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக அமுக்கியிருக்கிறார்கள். முட்டை உள்ளேயே உடைந்துவிட்டது. ஓட்டுச் சில்லுகள் முட்டைக்குழாயின் உள்தோலைக் கீறி, மஞ்சள் கருவும் இரத்தமும் கலந்து வடிந்துகொண்டிருந்தது. சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி, மருந்து போட்டு அனுப்பினேன். வயிற்றுக்குள் சீழ் பிடித்துப் பிழைக்கவில்லை. உடையாத முட்டை ஒருநாள் உள்ளே இருந்தாலும் கோழியைக் காப்பாற்ற வழி இருக்கிறது. உடைந்த முட்டை அந்த அவகாசத்தைக் கொடுக்காது.

இந்த விஷயத்தில் நான் சொல்ல வருவது இதுதான்: முட்டையை நாம் வெளியே எடுக்கப் போவதில்லை. கோழிதான் தள்ள வேண்டும். தள்ளுவதற்குத் தெம்பும், சூடும், வழுவழுப்பும், நிம்மதியும் கொடுப்பதுதான் நம் வேலை.

சரி, இது முட்டைச் சிக்கல்தான் என்று எப்படி உறுதி செய்வது? கூடையில் உட்கார்ந்தே கிடக்கிற கோழியெல்லாம் சிக்கலில் இருக்கிற கோழி இல்லை. அடைக்கு விழுந்த கோழியும் அப்படித்தான் கிடக்கும். ஆனால் அடைக்கோழி கிட்டே போனால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். கொர்ரென்று சத்தம் கொடுக்கும். ஒரு நாளுக்கு ஒரு தடவை எழுந்து வந்து, இரை எடுத்து, பெரிதாக எச்சம் போட்டுவிட்டுப் போய் உட்காரும். முட்டை சிக்கிய கோழிக்கு அந்த முறுக்கெல்லாம் இருக்காது. உடம்பை நிமிர்த்தி, காலை அகட்டி வைத்து, வால் தரையைத் தொடுகிற மாதிரி நிற்கும். வாலுக்குக் கீழே உள்ள சதை விட்டு விட்டுத் துடிக்கும். கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். எச்சம் வராது, அல்லது வெள்ளை நீர் மட்டும் வடியும். முட்டை குடலை நெரித்துக்கொண்டு இருப்பதால்தான் அப்படி. கொண்டை வெளிறும். நீலம் பாய்ந்தால் நிலைமை மோசம்.

தொட்டும் பார்க்கலாம். கோழியின் தலை உங்கள் முழங்கைப் பக்கம் இருக்கும்படி கக்கத்தில் அணைத்துக்கொள்ளுங்கள். மறு கையின் விரல்களை, நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், அடிவயிற்றில் மெதுவாக வைத்துப் பாருங்கள். உருண்டையாக, கெட்டியாகத் தட்டுப்பட்டால் முட்டை. வயிறு முழுக்க நீர் கோத்து, தளதளவென்று இருந்தால் அது வேறு நோய். மஞ்சள் கரு குழாய்க்குள் விழாமல் வயிற்றுக்குள்ளேயே விழுந்து சீழ் பிடித்தாலும் கோழி இதே போல் நிமிர்ந்துதான் நடக்கும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

நம் கிராமங்களில் வயதான பெண்கள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும், ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, சுண்டுவிரலை விட்டு இன்றைக்கு முட்டை உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் மேய விடுவார்கள். இருக்கிற கோழியைக் கூடையில் அடைத்துவிடுவார்கள், வேலிக்குள் போய் இட்டுவிடக் கூடாது என்று. மேலூர்ப் பக்கம் ஒரு பாட்டி இதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கோழி அசையக்கூட இல்லை. அவ்வளவு பக்குவமான கை. அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிக்கலில் இருக்கிற கோழிக்கு அதைச் செய்வதாக இருந்தால் நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவிய விரலை ஒரு கணு ஆழத்துக்கு மட்டும், நேராக விடுங்கள். ஒரு தடவை பார்த்தால் போதும். வீட்டில் இருக்கிற ஆளுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டியதில்லை. ஒரு கோழியைப் பார்த்த விரலைக் கழுவாமல் அடுத்த கோழிக்குப் போகவும் கூடாது.

இப்போது வெந்நீர். வாய் அகன்ற குண்டான் அல்லது பிளாஸ்டிக் அன்னக்கூடையில் வெதுவெதுப்பான நீர் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் பக்குவம், அதாவது 38 முதல் 40 டிகிரி செல்சியஸ். கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல். அதனால் நமக்கு இதமாகத் தெரிகிற நீர் அதைச் சுடாது. ஒரு கைப்பிடி கல்லுப்பு போடலாம், போடாவிட்டாலும் குறை இல்லை. கோழியின் அடிவயிறும் ஆசனவாயும் நீருக்குள் இருக்கும்படி உட்கார வைத்து, சிறகுகளோடு சேர்த்து லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு நிமிஷம் திமிறும். அப்புறம் அடங்கிவிடும். பல கோழிகள் கண்ணை மூடித் தூங்கவே ஆரம்பித்துவிடும். 15 முதல் 20 நிமிஷம் வைத்திருங்கள். நீர் ஆறினால் கொஞ்சம் வெந்நீரை ஓரமாகச் சேருங்கள், கோழி மேல் ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கிற எச்சம் ஊறித் தானாகக் கழன்றுவிடும். பிய்த்து இழுக்க வேண்டாம்.

வெளியே எடுத்ததும் பழைய பருத்தித் துண்டால் ஒற்றித் துடைத்து, ஆசனவாயைச் சுற்றியும் விளிம்புக்குச் சற்று உள்ளேயும் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுங்கள். பிறகு அதைத் தனியாக, அரையிருட்டான, சத்தம் இல்லாத இடத்தில் வைக்கோல் பரப்பிய கூடையில் விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலைதான் யாராலும் முடிவதில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்க் கூடையைத் தூக்கிப் பார்ப்பார்கள். கோழி பயந்தால் முட்டையைத் தள்ளாது, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாய், கீரி, சத்தம் போடுகிற பிள்ளைகள், கூடையைப் பறிக்க வருகிற இன்னொரு பெட்டை, எது இருந்தாலும் அப்படித்தான். உங்கள் மகளிடம் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் அவள் கிட்டே போகாமல் இருப்பதே அந்தக் கோழிக்கு அவள் செய்யும் வைத்தியம்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால், கோழியைச் சூடான அறையில் வை, பல்பு வெளிச்சத்தில் வை என்று போட்டிருப்பார்கள். அதெல்லாம் பனி பெய்கிற நாட்டுக்காரர்கள் எழுதியது. சித்திரை வைகாசியில், வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நம் மதுரைப் பக்கத்தில், தகரக் கொட்டகைக்குள் பல்பு போட்டு வைத்தால் முட்டை வருவதற்கு முன் கோழி வெக்கையில் செத்துப்போகும். நடுப்பகலில் இந்த வெந்நீர் வைத்தியம் செய்வதானால் வேப்பமரத்து நிழலில் செய்யுங்கள். கோழி ஏற்கெனவே அலகைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தால் முதலில் நிழலும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, இளைப்பு அடங்கிய பிறகு நீரில் வையுங்கள்.

கூடவே கால்சியம். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கிற 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை ஒன்றைப் பொடித்து, ஒரு வாய் சோற்றில் பிசைந்து வையுங்கள். தின்றால் அதுவே நல்லது. தின்னாவிட்டால் கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் திரவக் கால்சியம் 5 மில்லியை, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள். அது விழுங்க விழுங்க அடுத்த சொட்டு. ஏன் இது என்றால், முட்டையைத் தள்ளுவது தசை. அந்தத் தசை சுருங்குவதற்கு இரத்தத்தில் கால்சியம் வேண்டும். ஓடு செய்யவே போதாமல் இருக்கிற கோழிக்குத் தள்ளுவதற்கு எங்கிருந்து வரும்?

நீங்கள் சோழவந்தான் பக்கம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கொடிக்கால் ஊரில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு எல்லார் வீட்டிலும் இருக்கும். அதுவும் கால்சியம்தானே என்று விரலில் எடுத்துக் கோழியின் வாயில் தடவிவிடுகிறார்கள். வேண்டாம். அந்தச் சுண்ணாம்பு வாயையும் தொண்டையையும் வேக வைத்துவிடும்.

ஒரு தடவை செய்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வரவில்லை என்றால் மறுபடியும் செய்யலாம். அன்றைக்குள் இரண்டு மூன்று தடவை போதும். முட்டையின் முனை வெளியே தெரிய ஆரம்பித்தால் ஆசை வந்துவிடும், இழுத்துவிடலாம் என்று. இழுக்காதீர்கள். எண்ணெயை நன்றாக விட்டு, விளிம்புச் சதையை விரலால் மெல்லப் பின்னோக்கித் தள்ளிக் கொடுங்கள். கோழி முக்கும்போது மட்டும் செய்து, அது ஓயும்போது நீங்களும் ஓயுங்கள்.

முதல் முக்கலிலிருந்து 24 மணி நேரம் தாண்டினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 48 மணி நேரம் தாண்டிய கோழிகளில் பிழைப்பது குறைவு. உள்ளே இருக்கிற முட்டை சிறுநீரகத்தையும் காலுக்குப் போகிற நரம்பையும் அமுக்குகிறது. அதனால்தான் சில கோழிகள் முடம் போல நடக்கின்றன. கால் ஊன்ற முடியவில்லை, கொண்டை நீலமாகிவிட்டது, இரத்தம் வருகிறது, ஓட்டுச் சில்லு வெளியே வருகிறது, நிழலில் வைத்தும் இளைக்கிறது என்றால் 24 மணி நேரமெல்லாம் பார்க்காதீர்கள், உடனே போங்கள். கால்நடை மருந்தகம் தூரமாக இருந்தால் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அது அரசு நடத்தும் கால்நடை அவசர ஊர்தி எண்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். கால்சியம் ஊசியிலேயே பல கோழிகள் வழிக்கு வந்துவிடும். அதற்கும் வராவிட்டால் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஊசி. இந்த இரண்டாவது ஊசியைச் சிலர் மாட்டுக்குப் போட வாங்கி வைத்திருப்பார்கள், கோழிக்கும் தாங்களே போட்டுவிடுவார்கள். முட்டைக்குழாயின் வாய் திறக்காமலோ முட்டை உள்ளே ஒட்டிக்கொண்டோ இருக்கும்போது அந்த ஊசி போட்டால் குழாய் கிழிந்துவிடும். பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். எதற்கும் மசியாத முட்டையை, ஊசி வழியாக உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஓட்டைச் சுருக்கி வெளியே எடுப்பது உண்டு. அது டாக்டர் கையில்தான் நடக்க வேண்டும்.

சில சமயம் முட்டை வந்த கையோடு சிவப்பாகச் சதையும் வெளியே பிதுங்கி நிற்கும். பார்த்தால் பதறும், ஆனால் சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் திரும்ப உள்ளே போய்விடும். மற்ற கோழிகளிடமிருந்து அதை அந்த நிமிஷமே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் கூட்டமே கொத்தும், குடலையே இழுத்துப் போட்டுவிடும். வெதுவெதுப்பான உப்பு நீரில் கழுவி, வீங்கியிருந்தால் மேலே சீனியைத் தூவிச் சிறிது நேரம் வையுங்கள். சீனி வீக்கத்து நீரை இழுத்துச் சதையைச் சுருக்கும். கழுவிவிட்டு எண்ணெய் தடவி, உள்ளங்கையால் மெல்ல உள்ளே தள்ளி, ஈரத்துணியில் சுற்றி டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. வெந்நீர் அன்றைய முட்டைக்குத்தான் வழி செய்யும். அடுத்த முட்டை அதற்குள் உள்ளே உருவாக ஆரம்பித்திருக்கும்.

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. மஞ்சள் கரு குழாய்க்குள் விழுந்து, மூன்று மணி நேரத்தில் வெள்ளைக் கரு சேர்ந்து, பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தோல் மூடுகிறது. மீதி 20 மணி நேரம் முழுக்க ஓடு கட்டுவதற்கே போகிறது. அதில் பெரும்பகுதி இரவில். ஒரு ஓட்டுக்கு 2 கிராம் கால்சியம் போகிறது. இரவில் கோழி இரை எடுப்பதில்லையே, எங்கிருந்து எடுக்கும்? பகலில் தின்றது குடலில் மிச்சம் இருந்தால் அதிலிருந்து. அது தீர்ந்துபோனால் தன் எலும்பிலிருந்து. பெட்டைக்கோழியின் கால் எலும்புக்குள் இதற்கென்றே ஒரு சேமிப்பு இருக்கிறது. இரவில் எடுத்து, பகலில் திரும்ப நிரப்பிக்கொள்ளும்.

நாட்டுக்கோழிக்கு இந்தக் கணக்கு சரியாக இருக்கும். அது ஆண்டுக்கு 60, 80 முட்டைதான் வைக்கும். பத்துப் பதினைந்து வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அடையும் குஞ்சு வளர்ப்புமாக மாசக்கணக்கில் ஓய்வு. எலும்பில் எடுத்ததையெல்லாம் அதற்குள் நிரப்பிவிடும். அதற்கு நாம் போடுகிற குருணை, கம்பு, தவிடு, சோறு, அது தானாகப் பொறுக்கித் தின்கிற பூச்சி புழு எல்லாம் போதும். உங்கள் செவலை அந்த ரகம் இல்லை. கலப்பு ரகங்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் முட்டை வைக்கும்படி உருவாக்கப்பட்டவை. அடைக்கு அவ்வளவாக விழாது, ஓய்வும் எடுக்காது. ஆனால் தீனி மட்டும் நாட்டுக்கோழித் தீனி. குருணையிலும் சோற்றிலும் கால்சியம் மிகக் கொஞ்சம். தவிட்டில் இருக்கிற பாஸ்பரஸ், உள்ள கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதம் எலும்பிலிருந்து எடுத்து எடுத்துத் தினமும் முட்டை கொடுத்திருக்கிறது. சித்திரையில் கையிருப்பு தீர்ந்தது. தோல்முட்டை அதற்கு அடையாளம்.

சித்திரை வெயில் இதை இன்னும் மோசமாக்கியது. கோழிக்கு வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இளைக்க இளைக்க, மூச்சோடு கரியமில வாயு அளவுக்கு மேல் போய்விடுகிறது. ஓடு என்பது கால்சியமும் அந்த வாயுவிலிருந்து வரும் கார்பனேட்டும் சேர்ந்ததுதான். ஒன்று ஏற்கெனவே இல்லை, இன்னொன்றும் குறைகிறது. வெயிலில் இரையும் குறைவாக எடுக்கும். ஓடு கெட்டியாக இருந்தால் தசை அதைப் பிடித்துத் தள்ளும். தோல்முட்டை பிடிக்குப் பிடி நசுங்கி நழுவுவதால் தள்ள முடியாமல் கோழி தவிக்கிறது. மெத்தென்ற முட்டைதானே, சுலபமாக வரும் என்று நினைத்துவிடக் கூடாது.

அதனால் தீனியை மாற்றுங்கள். கோழித்தீவனக் கடையில் கிளிஞ்சல் கேட்டால் கொடுப்பார்கள். அதை ஒரு சட்டியில் தனியாக வைத்துவிடுங்கள், தீனியோடு கலக்க வேண்டாம். தேவைப்படுகிற கோழி தானே வந்து தேவையான அளவு தின்னும், சேவல் சீண்டாது. முக்கியமாகச் சாயங்காலம் அடைவதற்கு முன் அந்தச் சட்டியில் கிளிஞ்சல் இருக்க வேண்டும். இரவில் ஓடு கட்டும்போது குடலில் கால்சியம் இருப்பதற்கு அதுதான் நேரம். இந்தச் செவலைக்கும் அதன் ஜோடிக்கும் இரையில் பாதியை லேயர் தீவனமாக, அதாவது முட்டைக்கோழிக்கான கடைத் தீவனமாகக் கொடுங்கள். அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் குஞ்சுகள் இருந்தால் அவை அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வீட்டு முட்டை ஓடுகளையும் கழுவி, வாணலியில் வறுத்து, தூளாக நுணுக்கிப் போடலாம். பெரிய துண்டுகளாகப் போட்டால் முட்டையையே கொத்தித் தின்னப் பழகிவிடும்.

கொடிக்காலில் வெற்றிலை படர அகத்தி நட்டிருப்பார்கள். அந்தக் கீரையில் கால்சியம் ஏராளம், 100 கிராமில் 1 கிராமுக்கு மேல். கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள், ஆசையாகக் கொத்தும். ஆனால் தினமும் முட்டை வைக்கிற கோழிக்கு நாளுக்கு 4 கிராம் அளவுக்குக் கால்சியம் தேவை. கீரையை மட்டும் நம்பினால் காணாது.

வெயில் நாட்களில் விடியற்காலையிலும் சாயங்காலமும் இரை போடுங்கள். மண்சட்டியில் குளிர்ந்த நீரை நிழலில் வைத்து, பகலில் இரண்டு தடவை மாற்றுங்கள். ஆறு கோழிக்கு இரண்டு கூடையாவது வேண்டும். ஒரே கூடைக்கு அடித்துக்கொண்டு வெளியே நிற்கிற வெடை, முட்டையை அடக்கி அடக்கியே சிக்கலில் மாட்டிக்கொள்ளும். மீந்த சோறும் கடலைப்புண்ணாக்கும் அள்ளிப் போடுகிற வீடுகளில் வேறு விதமான சிக்கல்: வயிற்றில் கொழுப்பு அடைத்து முட்டைக்கு வழி இல்லாமல் போகும். உங்கள் கோழி நீங்கள் அனுப்பிய படத்தில் ஒல்லியாகத்தான் தெரிகிறது. அதனால் அந்தக் கவலை இல்லை.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தக் குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி போட்டீர்களா? அந்த நோய் வந்து பிழைத்த கோழிகள் பிறகு தோல்முட்டையும் கோணல் முட்டையுமாக வைப்பது உண்டு. அரசு பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. தவறவிட்டிருந்தால் மருந்தகத்தில் கேட்டு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன குழம்பு. முட்டை சிக்கி, இரை எடுக்காமல் இரண்டு நாள் கிடந்த கோழியின் வயிற்றில் கிருமி பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சாப்பிட வேண்டாம். ஆன்டிபயாடிக் போட்ட கோழி என்றால் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று மருந்து கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கு மருந்து அது மாறும். உங்கள் செவலைக்குக் கால்சியம் மட்டும்தான் கொடுத்தோம். இனி அது வைக்கிற முட்டை நல்ல ஓட்டோடு வந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

இந்தத் தீனி மாற்றத்துக்குப் பிறகும் திரும்பச் சிக்கினால் அதை முட்டைக்காக வைத்திருக்க வேண்டாம். லேயர் தீவனத்தை நிறுத்தி, பொழுது சாய்ந்ததும் வெளிச்சம் படாமல் அடைத்து, முட்டையை நிறுத்த வைத்து ஓய்வு கொடுக்கலாம். அதை எப்படிச் செய்வது என்று அப்போது போன் செய்யுங்கள், பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குடற்புழு இருந்தால் நீங்கள் என்ன போட்டாலும் உடம்பில் ஒட்டாது. நாளைக் காலையில் அதன் புது எச்சத்தைக் கொஞ்சம், சுத்தமான சின்ன டப்பாவில் எடுத்து, உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். பார்த்துவிட்டு, எடைக்குத் தகுந்த அளவில் ஆறு கோழிக்கும் மருந்து எழுதித் தருவார்கள்.